நாய் புண்ணைச் சொறியாமல் இருக்க: கூம்பா, சட்டையா, காலுறையா?

இரவில் தரையில் ‘டப், டப், டப்’ என்று ஒரு சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் தூக்கம் கலைந்துவிடும். நாய் பின்னங்காலைத் தூக்கிச் சொறியும்போது கால் மூட்டு தரையில் இடிக்கும் சத்தம் அது. எங்கள் நாய் சிட்டுவுக்கு வலது காதுக்குக் கீழே, கன்னத்தில் ஓர் ஈரப்புண், அதாவது தோல் சிவந்து நீர் கசியும் புண், வந்திருந்தது. முடியை மழித்து, கழுவி, மருந்து போட்டு, ஐந்தாம் நாள் பொருக்குக் கட்டி நன்றாகக் காய்ந்துவிட்டது. அன்று ராத்திரிதான் அந்தச் சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பொருக்கு பாதி பெயர்ந்து தொங்குகிறது. அடியில் புதுச்சதை சிவந்து ஈரமாகத் தெரிகிறது. பின்னங்கால் நகங்களுக்கு இடையில் முடியும் ரத்தமும்.

இத்தனைக்கும் அவள் கழுத்தில் காற்றடைத்த வளையம் மாட்டியிருந்தோம். கருத்தடை அறுவைக்குப் பிறகு வயிற்றுத் தையலை நக்காமல் இருக்க வாங்கியது. அப்போது பத்து நாளும் அருமையாகக் காப்பாற்றியது. அதே வளையம் இப்போது ஒன்றுக்கும் உதவவில்லை. காரணம் எளிது: அன்று தடுக்க வேண்டியது வாயை, இன்று தடுக்க வேண்டியது காலை.

இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் பலரும் கிடைத்ததை வாங்கி மாட்டிவிட்டு, “இவன் எதற்கும் அடங்க மாட்டான்” என்று நாயைக் குறை சொல்கிறார்கள். நாய் மேல் தப்பில்லை. எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் புண் எங்கே இருக்கிறது, நாய் அதை எதைக் கொண்டு தொடுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வாயா, காலா?

பின்னங்கால் எட்டும் இடங்கள் காது, கன்னம், கழுத்து, தோள், முன் விலா. வாய் எட்டும் இடங்கள் வயிறு, தொடை, நான்கு கால்கள், வாலின் அடி, பின் முதுகு. விலாப் பக்கம் இரண்டுக்கும் பொது. மூன்றாவதாக ஒன்று உண்டு: முகத்தையும் முதுகையும் சுவரிலோ விரிப்பிலோ தேய்ப்பது.

நேரில் பார்க்கக் கிடைக்காவிட்டாலும் புண்ணே காட்டிக்கொடுக்கும். நக்கிய இடத்தில் முடி ஈரமாகத் திரிதிரியாக ஒட்டிக் கிடக்கும். வெளிர் நிற நாயாக இருந்தால் நாளடைவில் அங்கே செம்பழுப்புக் கறை ஏறும். எச்சிலில் உள்ள நிறமி அது. காலால் பிறாண்டிய இடத்தில் புண்ணைத் தாண்டியும் கோடு கோடாகக் கீறல் இருக்கும். அந்தப் பக்கத்துப் பின்னங்காலைத் தூக்கி நகங்களைப் பாருங்கள், பொருக்குத் துணுக்கோ முடியோ சிக்கியிருக்கும்.

‘அந்தப் பக்கத்து’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாய் வலக் காதை வலப் பின்னங்காலால்தான் சொறியும், இடக் காதை இடக் காலால். இந்த அசைவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ஷெரிங்டன் என்ற உடலியலாளர் நாய்களிடம் விரிவாக ஆராய்ந்தார். அந்தக் காலின் தாளத்தை முதுகுத்தண்டே உண்டாக்கிவிடும், அதற்கு மூளை தேவையில்லை என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. தோள் பக்கம் தடவிக்கொடுத்தால் சில நாய்களுக்குக் கால் தானாக ஆடுமே, அதுதான். “சொறியாதே” என்று அதட்டுவதால் பெரிய பயன் இல்லாததற்கும் இதில் கொஞ்சம் விடை இருக்கிறது. நமைச்சல் எடுத்தால் கால் போய்விடும். அதட்டல் நாயைப் பயமுறுத்தும், அது நாம் இல்லாத இடத்தில் போய்ச் சொறியும்.

கூம்பு

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தலையில் உள்ள புண்ணுக்கும், வாய் எட்டும் உடம்புப் புண்ணுக்கும் அதை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. வாய்க்கும் உடம்புக்கும் நடுவில் அது ஒரு சுவர். காலுக்கும் தலைக்கும் நடுவிலும் அதே சுவர்தான். கண், காது, கன்னம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், கூம்புதான்.

ஆனால் அளவு தப்பினால் எல்லாம் வீண். மூக்கு நுனியைத் தாண்டி ஏறக்குறைய 5 சென்டிமீட்டராவது கூம்பு நீண்டிருக்க வேண்டும். பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று சின்னதாக வாங்கினால், நாய் உடம்பை வளைத்து விளிம்புக்கு வெளியே நாக்கை நீட்டி நக்கிவிடும். அதோடு கூம்பின் விளிம்பும் புண்ணில் உரசும். கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும். அதைவிடத் தளர்ந்தால் முன்னங்காலால் தள்ளிக் கழற்றிவிடும்.

முதல் நாள் பல நாய்கள் நின்ற இடத்திலேயே சிலையாக நிற்கும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கதவில் இடித்துக்கொண்டு, நம்மைப் பார்க்கும். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் பாதிப் பேர் கழற்றிவிடுகிறார்கள். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான நாய்கள் பழகிவிடும். கூம்புக்குள் அடங்கும் சின்ன வட்டில் ஒன்றைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் வரும். வராவிட்டால் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கடைசி வாய் இறங்கியதும் மாட்டிவிடுங்கள். நாய் எழுந்து போன பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த அரை நிமிஷத்தில் மூன்று நாள் ஆறியது போய்விடும்.

கூம்பு தோற்கும் இடம் கழுத்தும் தோளும் மார்பும். கூம்பு உட்கார்ந்திருப்பதே கழுத்தில்தான். அங்கே புண் இருந்தால் அதன் மேலேயே உரசிக்கொண்டிருக்கும், காற்றும் போகாது. தோளிலும் மார்பிலும் பின்னங்கால் தாராளமாகப் படும், கூம்பு அதைத் தடுக்க வழியே இல்லை. புண் தோளில் இருக்கும் நாய்க்குக் கூம்பு மாட்டுவது நாய்க்கும் தொல்லை, புண்ணுக்கும் பயனில்லை.

துணியால் செய்த மெத்தென்ற கூம்பு தூங்க வசதி. ஆனால் பிடிவாதமான நாய் அதை மடக்கிக்கொண்டு எட்டிவிடும், தண்ணீரில் நனைந்தால் விறைப்பும் போய்விடும். பக்கவாட்டில் பார்வையும் மறையும். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்கில் அந்தக் குறை இல்லை. எதுவானாலும் தினம் ஒரு முறை கழுவித் துடைக்க வேண்டும். உள்பக்கம் எச்சிலும் சாப்பாடும் ஒட்டி, காதுப் புண்ணுக்குப் பக்கத்திலேயே அழுக்குச் சேரும்.

காற்று வளையம்

நீச்சல் பழகும் வளையம் மாதிரி கழுத்தில் உட்காரும். பார்வை மறைக்காது, சாப்பிடலாம், தலை சாய்த்துத் தூங்கலாம். வயிறு, விலா, பின் முதுகு ஆகிய இடங்களை வாயிலிருந்து காக்கும். மூக்கு நீண்ட நாய், கால் பாதத்தையும் வால் நுனியையும் அதைத் தாண்டி எட்டிவிடும். தலைப் புண்ணுக்கு இதை நம்பாதீர்கள். என் வீட்டில் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

சட்டை

தோள், மார்பு, முன் விலா. கூம்பு கைவிட்ட இந்த இடங்களுக்குத்தான் சட்டை. அறுவைக்குப் பின் போடவென்றே நாய்களுக்கான உடல் உறை கிடைக்கிறது. அவசரத்துக்குப் பழைய பருத்தி பனியனே போதும். முன்பக்கம் முதுகில் வருகிற மாதிரி திருப்பி, தலையைக் கழுத்தில் நுழைத்து, முன்னங்கால்களைக் கைகளில் விடுங்கள். தொங்கும் துணியை இடுப்புக்கு மேலே முதுகில் இழுத்து ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சு வயிற்றுப் பக்கம் வந்தால் படுக்கும்போது உறுத்தும், சிறுநீரிலும் நனையும்.

சட்டை காலை நிறுத்தாது, நகத்தை நிறுத்தும். நாய் சொறியும், ஆனால் நகம் துணியில் வழுக்கும். நமைச்சல் கடுமையாக இருந்தால் துணியோடு சேர்த்தே புண்ணைத் தேய்த்துவிடும் என்பதால் இதோடு காலுறையும் சேர்ந்தால்தான் முழுக் காவல். மெல்லிய பருத்தி நல்லது, நைலான் வேண்டாம். கசிந்துகொண்டிருக்கும் புண்ணின் மேல் எந்தத் துணியும் மணிக்கணக்கில் கிடக்கக் கூடாது. ஒட்டிக் காய்ந்துவிடும், கழற்றும்போது பொருக்கையும் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே காய்ந்த புண்ணுக்கே சட்டை. காலையும் மாலையும் கழற்றிப் பார்த்து, ஈரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். மூக்கு சப்பையான நாய்களுக்கு உடம்பு சீக்கிரம் சூடேறும், மூச்சிரைப்பைக் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. துணியைக் கடித்து விழுங்கும் பழக்கம் உள்ள நாய்க்குத் தனியாக இருக்கும்போது சட்டையும் வேண்டாம், காலுறையும் வேண்டாம். விழுங்கிய துணி குடலில் அடைத்தால் அது புண்ணைவிடப் பெரிய ஆபத்து.

காலுறை

இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கோ காலால் சொறியும் நாய்க்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். புண் இருக்கும் பக்கத்துப் பின்னங்காலில் மெத்தென்ற ஒரு குழந்தைக் காலுறை. நகம் மூடிவிட்டால் சொறிவது வெறும் தட்டலாகிவிடும். காலுறை நிற்பதற்காக ரப்பர் பாண்டு போடாதீர்கள், ஒருபோதும் போடாதீர்கள். முடிக்குள் மறைந்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, காலையே கெடுத்துவிடும். முடியில் அதிகம் ஒட்டாத காகித டேப்பைக் காலுறையின் விளிம்பில் தளர்வாக ஒரு சுற்று போதும், அதன் அடியில் விரல் நுழைய வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தோ வீங்கியோ இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். வழவழப்பான தரையில் வழுக்கும், அதனால் அடியில் பிடிப்புள்ள காலுறை நல்லது. வயதான நாய்க்கு இது ரொம்ப முக்கியம்.

காலுறையோடு நகத்தையும் கவனியுங்கள். வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய நகத்தின் ஓரம் புதிதாகத் தீட்டிய கத்தி மாதிரி இருக்கும். அரத்தால் தேய்த்து மழுங்க வைத்தால்தான் பலன். நகத்தின் உள்ளே ஓடும் ரத்தக் குழாயைத் தொடாமல் நுனியை மட்டும் எடுங்கள்.

கட்டுப் போடலாமா?

கால் புண்ணுக்குப் போடலாம், அதுவும் போடத் தெரிந்தவர் போட்டால். இறுக்கமாகிவிட்டதா என்று பார்க்க, கட்டுக்கு வெளியே தெரியும் நடு விரல்கள் இரண்டையும் பாருங்கள். நகங்கள் ஒன்றையொன்று விட்டு விலகினால் உள்ளே வீங்குகிறது என்று பொருள், உடனே அவிழ்க்க வேண்டும். நனைந்த கட்டு கட்டே இல்லாததைவிட மோசம். உடம்பிலும் கன்னத்திலும் வரும் ஈரப்புண்ணைக் கட்டி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கிருமிக்குத்தான் வசதி. அதற்குக் காற்று வேண்டும். நம் கையில் ஒட்டும் சின்னப் பிளாஸ்டரை நாய்க்கு ஒட்டாதீர்கள், ஐந்து நிமிஷத்தில் அது வயிற்றுக்குள் இருக்கும்.

கசப்பு ஸ்பிரே பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நக்குவதை ஓரளவு தடுக்கும், சொறிவதைத் தடுக்காது. திறந்த புண்ணில் அடித்தால் எரியும். கட்டின் மேலோ சட்டையின் மேலோ அடிக்கலாம். சில நாய்கள் கசப்பையே பொருட்படுத்துவதில்லை.

நமைச்சல் ஏன் எடுக்கிறது?

மேலே சொன்ன எல்லாமே காவல்தான். உள்ளே நமைச்சல் அப்படியே இருந்தால் நாய் ஒரு வாரம் கூம்புக்குள் தவித்துவிட்டு, கழற்றிய அன்றே புண்ணைக் கிழித்துவிடும். ஆறும் புண்ணில் கொஞ்சம் நமைச்சல் இயல்பு. ஓயாமல் சொறிந்தால் அது வெறும் ஆறுகிற நமைச்சல் அல்ல.

சிட்டுவுக்குப் புண் கன்னத்தில், ஆனால் மூலம் காதுக்குள். மருத்துவர் காதில் விளக்கு வைத்துப் பார்த்தபோது உள்ளே சிவந்து, பழுப்பாக அழுக்கு அடைந்திருந்தது. காது நமைச்சலுக்குச் சொறிந்து சொறிந்துதான் கன்னம் புண்ணாகியிருக்கிறது. நாங்கள் ஐந்து நாளாகக் கன்னத்துக்கே மருந்து போட்டுக்கொண்டிருந்தோம். கன்னத்திலும் காதடியிலும் ஈரப்புண் வந்தால் காதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாலடியிலும் இடுப்பிலும் வந்தால் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியில் நாயின் முடியைச் சீவினால் கருந்துகள்கள் விழுந்து செந்நிறமாகக் கரையும், அது தெள்ளின் கழிவு. முன்னங்கால் மணிக்கட்டில் ஒரே இடத்தை மாதக்கணக்கில் நக்கித் தடித்துப்போயிருந்தால், மூட்டு வலியிலிருந்து மனச்சோர்வு வரை எதுவும் பின்னால் இருக்கலாம். அதைக் கூம்பால் மட்டும் தீர்க்க முடியாது.

மாத்திரை, ஊசி என்று வரும்போது மருத்துவரிடம் மூன்று வழிகள் இருக்கும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு நமைச்சலைச் சட்டென்று அடக்கும். தாகமும் சிறுநீரும் பசியும் கூடும், நீண்ட நாள் கொடுத்தால் புண் ஆறுவதும் மந்தமாகும். வலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரலாம். ஓக்லசிட்டினிப் மாத்திரை ஒரு நாளுக்குள் பலன் தரும். 12 மாதம் நிரம்பாத நாய்க்கும் கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் அது கூடாது. லோகிவெட்மாப் ஊசி ஒவ்வாமை நமைச்சலுக்கு நான்கு முதல் எட்டு வாரம் வரை தாங்கும். சளிக்குக் கொடுக்கும் ஒவ்வாமை மாத்திரைகள் நாய்த் தோல் நமைச்சலில் பெரிதாக வேலை செய்வதில்லை. ஸ்டீராய்டைவிடப் பின்னிரண்டையும் நான் விரும்புவேன், ஆனால் தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

வீட்டில் செய்யக்கூடியது குளிர்ந்த நீரில் பிழிந்த சுத்தமான துணியைப் புண்ணைச் சுற்றி ஐந்து பத்து நிமிஷம் வைப்பது. நமைச்சல் உடனே தணியும், சிட்டு கண்ணை மூடிக்கொண்டு காட்டுவாள். அப்புறம் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

நம் அலமாரியில் இருக்கும் களிம்பைத் தடவ வேண்டாம். நாய் நக்கிவிடும் என்பதை வைத்துத்தான் இதை யோசிக்க வேண்டும். துத்தநாகக் களிம்பு வயிற்றைக் கெடுக்கும், அதிகம் போனால் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் குடலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். சோரியாசிஸுக்குப் போடும் கால்சிபோட்ரையால் களிம்பும், தோல் புற்றுக்குப் போடும் ஃபுளூரோயூராசில் களிம்பும் கொஞ்சம் உள்ளே போனாலே உயிரைப் பறிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புதுச்சதையையே எரித்துவிடும். “நாய் நக்கினால் ஆறிவிடும்” என்கிற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். எச்சிலில் கிருமியைக் கொஞ்சம் அடக்கும் பொருள்கள் இருப்பது உண்மை, ஆனால் அதே வாயில் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளும் இருக்கின்றன. சொரசொரப்பான நாக்கு புதுத்தோலை வழித்தெடுத்துவிடும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் மற்றது வந்து நக்கும், அதையும் பிரித்து வையுங்கள்.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்

தலையில் புண் என்றால் இரவுக்கும் தனியாக இருக்கும் நேரத்துக்கும் கூம்பு, பகலில் கண் முன்னால் இருக்கும்போது காலுறை மட்டும். தோள், மார்பு என்றால் சட்டையும் காலுறையும், கூம்பே வேண்டாம். வயிறு, விலா, பின் முதுகு என்றால் வளையம் அல்லது உடல் உறை, எந்த நாய் எதைப் பொறுத்துக்கொள்கிறதோ அது. பாதம், வால் என்றால் நீளமான கூம்பு.

கழுத்துப் புண்தான் இருப்பதிலேயே கஷ்டம். பட்டையையும் ஹார்னெஸையும் உடனே கழற்றிவிடுங்கள். கூம்பு, வளையம் இரண்டும் புண் மேலேயே உட்காரும், கழுத்தில் துணி சுற்றினால் இறுகும் பயம். அங்கே காலுறை, மழுங்கிய நகம், நமைச்சலை அடக்கும் மருந்து மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்யும். வெளியே கூட்டிப்போக வேண்டுமானால் புண் படாத வகையில் எதைப் போடலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் புண் பெரிதாகிறது, சீழ் வைக்கிறது, நாற்றம் அடிக்கிறது, சுற்றிலும் சூடாக வீங்குகிறது, ஈ மொய்க்கிறது, நாய் சாப்பிட மறுக்கிறது என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிட்டுவுக்குக் காதில் சொட்டு மருந்து ஆரம்பித்து, இரவில் கூம்பும் பகலில் வலக் காலில் காலுறையுமாக நாட்கள் போயின. மூன்றாம் நாள் ராத்திரி அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் வழவழப்பான ரோஜா நிறத் தோல் தெரிந்தது. அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிட ஆசைதான். ஆனால் அந்தத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிது, ஒரே ஒரு பிறாண்டலில் கிழிந்துவிடும். அதனால் முதல் நாள் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றி விட்டோம். கால் தூக்கினாள், மறுபடி மாட்டினோம். இரண்டு நாள் கழித்து அரை மணி நேரம். அப்போது காதை ஒரு முறை உதறிவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டாள். கன்னத்தில் குட்டை முடி முளைத்து விரலில் குத்தத் தொடங்கிய பிறகுதான் இரவுக் கூம்பைக் கழுவி எடுத்து வைத்தோம்.